பிழையின்றி மருந்து தரும் கல்வி

நோய் தீர்க்கும் தொழிலுக்கு நான்கு கூறுகள் உண்டு என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து அளிப்பவர் என்று திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் இந்நான்கினையும் எண்ணிச் சொல்கிறது. நான்காமவருக்குப் பரிமேலழகர் உரைக்கும் பொருள் சிந்திக்கத் தக்கது. மருந்தைப் பிழைபடாமல் செய்து தருபவர் என்றே அவர் கொள்கிறார். மருத்துவரைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். மருந்தின் விலையைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் மருந்தைப் பிழைபடாமல் தர வேண்டிய மருந்தாளுநர் எங்கே கற்றார், என்ன கற்றார், அவருக்குக் கற்பித்தவர் எவ்வாறு கற்பித்தார் என்று நாம் வினவுவது அரிது. இப்பேச்சில் அவ்வினாக்களை எடுத்துக்கொள்வோம்.

கருத்துத் தெளிவுக்காக ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திரப் பிரதேசத்தின் தென் எல்லையில் இருக்கிறது குடிபாலா. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பட்டது. 1953 வரையில் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆதலின் இவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் வழங்குகின்றன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் இக்குடிபாலா மண்டலத்திலேயே அமைந்திருக்கிறது. இத்தகைய ஊரில் நோயாளி தம் துன்பத்தைத் தமிழில் சொல்லலாம், தெலுங்கிலும் சொல்லலாம். மருத்துவர் எழுதும் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கும். மருந்துக் கடையில் நிற்பவர் இம்மூன்று மொழிகளுக்கும் இடையே பாலமாக நிற்கிறார். அப்பாலம் உறுதியாக இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் குழந்தைகளுக்கு இரு வடிவில் கிடைக்கிறது. ஒன்று சொட்டு மருந்து. மற்றொன்று பாகு மருந்து. சொட்டு மருந்தின் ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் மருந்து இருப்பது வழக்கம். பாகு மருந்தின் ஒரு வகையிலோ 5 மில்லி லிட்டர் முழுவதிலும் 125 மில்லி கிராம்தான் இருக்கும். தாய் ஒருத்தி பாகு மருந்துக்குரிய மூடியில் 5 மில்லி லிட்டர் சொட்டு மருந்தை ஊற்றிப் புகட்டிவிட்டால், குழந்தையின் வயிற்றுக்குள் செல்வது 500 மில்லி கிராம். அஃதாவது, தரவேண்டியதைப் போல நான்கு மடங்கு. இரண்டு சீசாவிலும் எழுதியிருக்கும் பெயர் ஒன்றே. வேறுபாட்டை அறிந்து சொல்ல வேண்டியவர் கடையில் நிற்பவரே.

மூட்டு வாதத்துக்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இரண்டாவது எடுத்துக்காட்டு. இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் விழுங்கினால் வாய் புண்ணாகும். எலும்புக்குள் இரத்த அணுக்கள் உண்டாவது தடைப்படும். உயிருக்கே இறுதி நேரலாம். உலகின் பல நாடுகளில் இப்பிழையால் மாந்தர் மாண்டிருக்கின்றனர். குடிபாலாவில் ஒரு முதியவரிடம் ‘வாரம் ஒரு முறை’ என்று தமிழில் சொல்வதா, ‘வாரானிகி ஒக்கசாரி’ என்று தெலுங்கில் சொல்வதா என்பது சிறு செய்தியன்று. இன்ன கிழமை என்று பெயரிட்டுச் சொல்லி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்து, உறையின் மீதும் எழுதித் தருவதே பாதுகாப்பு. இதனைச் செய்யும் மருந்தாளுநர் ஓர் உயிரைக் காக்கிறார். ஆனால் அதனை ஒருவரும் அறியமாட்டார்கள். நேராத விபத்து செய்தித்தாளில் வருவதில்லை அல்லவா?

இத்தகைய திறம் நல்லெண்ணம் ஒன்றினாலேயே வந்துவிடாது, கற்பிக்கப்பட்டால்தான் வரும். நம் நாட்டில் அக்கல்வி வளர்ந்த வரலாறு நீண்டது. ஆங்கில மருத்துவம் பரவிய காலத்தில் மருத்துவரின் உதவியாளராகக் ‘கம்பவுண்டர்’ என்பவர் தோன்றினார். சீசாவில் மிக்சரைக் கலந்து ஊற்றி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்டும்படி பக்கவாட்டில் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுத்த அவரைப் பெரியோர் பலர் இன்றும் நினைவு கூர்வர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இத்தொழிலுக்கான பயிற்சி தொடங்கியது. எனினும், நாட்டின் பெரும்பகுதியில் மருந்து விற்பதற்குக் கல்வித் தகுதி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பணமும் ஒரு கடையும் இருந்தால் எவரும் எதையும் விற்கலாம் என்னும் நிலையே நிலவிற்று.

அதன் விளைவு கேடாக முடிந்தது. மலேரியாவுக்குரிய கொயினாவிலும் பிற மருந்துகளிலும் கலப்படம் மலிந்தது. மக்கள் மன்றங்களில் எழுந்த கூக்குரலுக்குப் பின், 1930இல் கர்னல் இராமநாத சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு ஒன்றை அரசாங்கம் அமைத்தது. நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்ட அக்குழு 1931இல் தன் அறிக்கையை அளித்தது. மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பதோடு, மருந்தாளுநர் தொழிலையும் அதற்குரிய கல்வியையும் நெறிப்படுத்த வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. நல்ல மருந்தும் நன்கு கற்றவரும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை அக்குழு கண்டுகொண்டது.

அறிக்கை ஏட்டளவில் நின்றபோது செயலில் இறங்கியவர் ஒருவர் உண்டு. அவர் பேராசிரியர் மகாதேவ லால் ஷராஃப். 1902ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் பீகாரில் பிறந்த இவர், அமெரிக்காவுக்குச் சென்று பயின்று திரும்பினார். பண்டித மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932இல் மருந்துசார் வேதியியலைப் பட்டப் படிப்பில் ஒரு பாடமாகப் புகுத்தினார். அதுவே வளர்ந்து 1937இல் மருந்தாளுநருக்கான தனிப் பட்டப் படிப்பாயிற்று. பாடம் நடத்துவதோடு ஷராஃப் நிற்கவில்லை. தொழிலினர் கூடுவதற்குச் சங்கம் வேண்டும் என்று அதனை அமைக்க முன்னின்றார். அறிவு பரவுவதற்கு ஏடு வேண்டும் என்று 1939இல் ஓர் ஆராய்ச்சி இதழையும் தொடங்கினார். வகுப்பு, சங்கம், இதழ் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி ஒரு துறைக்கு வேர் ஊன்றாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய பிறந்த நாளை இன்று மருந்தாளுநர் கல்வி நாளாகக் கொண்டாடுகிறோம்.

காசியில் அப்பட்டப் படிப்பு தோன்றிய 1937ஆம் ஆண்டு வேறு இரு காரணங்களாலும் நினைவில் நிற்கத் தக்கது. அமெரிக்காவில் மருந்தாளுநர் கல்லூரி ஆசிரியர்கள், தாங்கள் கற்பிக்கும் முறையையே ஆராய்வதற்கென்று ஒரு தனி இதழை அவ்வாண்டில் தொடங்கினர். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அதே நாட்டில் பெரும் துயரம் ஒன்று நிகழ்ந்தது. சல்பனிலமைடு என்னும் நல்ல மருந்தை நீர்ம வடிவில் ஆக்க விரும்பிய ஒரு நிறுவனத்தின் வேதியியலார், அதனை டை எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் கரைத்தார். நிறத்தையும் மணத்தையும் சுவையையும் சோதித்தார்கள். நஞ்சா என்று மட்டும் சோதிக்கவில்லை. அத்திரவம் சிறுநீரகங்களை அழித்துவிடும். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டிலேயே அந்நாட்டில் மருந்துச் சட்டம் மாற்றி எழுதப்பட்டது.

அத்துயரம் அங்கேயே முடிந்திருந்தால் அதனைப் பழங்கதை என்று விட்டுவிடலாம். முடியவில்லை. பாகு மருந்துகளில் சேர்க்கப்படும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் நிறமற்ற, இனிப்பான, கொழகொழப்பான திரவங்கள். டை எத்திலீன் கிளைக்காலும் தோற்றத்தில் அப்படியே இருக்கும். தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுவதால் விலையும் குறைவு. அறியாமையாலோ பேராசையாலோ ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே குழந்தைகள் இவ்வாறு மாண்டனர். 1986இல் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் உயிரிழந்தனர். 2025ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட இருமல் பாகு ஒன்றைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாத அந்நஞ்சு, அப்பாகில் நூற்றுக்கு 48 பங்குக்கும் மேலாக இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வுக்கூடம் கண்டது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்நஞ்சைக் கண்டறியும் சோதனை ஆராய்ச்சியாளருக்கு மட்டும் தெரிந்த மறைபொருளன்று. மருந்துப் பகுப்பாய்வு கற்றவர் செய்யக் கூடியதே. 1937ஆம் ஆண்டுத் துயரமும் மருந்தாளுநர் கல்வியில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் பாடமே. அறிவு ஏட்டில் இருந்தது. கை அதைச் செய்யவில்லை. படித்துத் தேர்வு எழுதிய ஒன்றுக்கும், தொழிலில் நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள பிளவே இங்கு உயிர்களை விழுங்கியது. அப்பிளவை எப்படி அடைப்பது என்பதே மருந்தாளுநர் கல்வியின் தலையாய வினாவாகும்.

சட்டமும் திட்டமும் செய்யக் கூடியவற்றைச் செய்தே வந்திருக்கின்றன. 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் நிறைவேறின. 1949இல் இந்திய மருந்தாளுநர் மன்றம் அமைந்தது. 1953இல் கல்விக்கான முதல் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. ஆந்திரப் பல்கலைக்கழகம் 1951இல் வால்டேரில் இத்துறைக் கல்வியைத் தொடங்கிற்று. இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் மருந்தாளுநர் கல்லூரிகள் இருக்கின்றன. 1983இல் தோன்றிய திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் பெண்கள் இக்கல்வியைப் பெறுகின்றனர். இரண்டாண்டுப் பட்டயம், நான்காண்டுப் பட்டம், 2008இல் வந்த ஆறாண்டு மருந்தாளுநர் முனைவர் படிப்பு எனப் படிகள் பல.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. நம் நாட்டில் பட்டப் படிப்பு தொடக்கத்திலிருந்தே மருந்துத் தொழிற்சாலையையும் ஆய்வுக்கூடத்தையும் நோக்கி வளர்ந்தது. நோயாளியை நேரில் காணும் கடைப் பணி பட்டயப் படிப்பினருக்கு விடப்பட்டது. அப்பட்டயப் படிப்பின் பாடத்திட்டமோ 1991இல் வகுத்தபடியே 2020 வரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தது. அம்முப்பது ஆண்டுகளில் எத்தனை புதிய மருந்துகள் வந்தன! சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சிற்றூர்களுக்குள் எவ்வளவு பரவின! 2020ஆம் ஆண்டின் புதிய திட்டம் சமூக மருந்தாளுமை, மருத்துவமனை மருந்தாளுமை ஆகியவற்றுக்கு உரிய இடம் தந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும் என்பது விதி. 2015ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறையோ நோயாளிக்கு அறிவுரை கூறுவதையும் மருந்தாளுநரின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

விதி வகுத்தாயிற்று, ஆனால் அறிவுரை கூறும் கலையை வகுப்பறையில் எவ்வாறு கற்பிப்பது? ஆசிரியரின் புலமை என்னும் பொருள் இங்கேதான் வருகிறது. கல்லூரி ஆசிரியரின் ஆராய்ச்சி என்றால் ஒரு புதிய மூலக்கூறைக் கண்டுபிடிப்பது, அதைப் பற்றி அயல்நாட்டு இதழில் எழுதுவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 1990இல் அமெரிக்கக் கல்வி அறிஞர் எர்னெஸ்ட் பாயர் இவ்வெண்ணத்தை மறுத்து, புலமையை நான்காக வகுத்தார். புதியதைக் கண்டறிதல், பல துறை அறிவை இணைத்துக் காணல், அறிவை மக்கள் வாழ்வில் பயன்படுத்துதல், கற்பித்தல் என்பன அந்நான்கு. கற்பித்தலும் ஆராய்ச்சியைப் போலவே வினா எழுப்பி, சான்று திரட்டி, பிறர் ஆராயும்படி வெளியிடத் தக்க புலமை என்பது அவர் கொள்கை. நம் நாட்டிலும் இத்தகைய புலமைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹர்கிஷன் சிங் வேதியியல் ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். அவரே இந்திய மருந்தாளுநர் தொழிலின் வரலாற்றையும் பல தொகுதிகளாக எழுதிவைத்தார். 1990களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் மாணவர்களை மருத்துவமனைப் படுக்கையருகே கொண்டு சென்று கற்பிக்கும் மேற்படிப்பைத் தொடங்கின.

கற்பித்தலில் புலமை என்றால் நடைமுறையில் என்ன? மீண்டும் குடிபாலாப் பகுதியை எண்ணிக்கொள்வோம். சித்தூரில் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், ‘வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரையைப் பற்றி என் மாணவர் சொல்வதை நோயாளி சரியாக விளங்கிக்கொள்கிறாரா?’ என்னும் ஒரே வினாவை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் ஒரு பகுதியினருக்குப் பாடம் சொல்லி விட்டுவிடுகிறார். மற்றொரு பகுதியினரை, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருந்தாளுநராகவும் இருந்து, தமிழிலும் தெலுங்கிலும் பேசிப் பழகச் செய்கிறார். பின்னர் இரு பகுதியினரும் பேசிய நோயாளிகளைக் கேட்டு, எத்தனை பேர் கிழமையைச் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு குறிப்பேடும், நோயாளிகளின் இசைவும், நேர்மையும் போதும். கிடைத்த முடிவு நன்றாயினும் அன்றாயினும் எழுதி வெளியிட்டால், அனந்தப்பூரிலும் திருநெல்வேலியிலும் உள்ள ஆசிரியர் அதனைத் தம் வகுப்பில் சோதித்துப் பார்ப்பார். இவ்வாறு ஒருவர் அனுபவம் எல்லாருடைய அறிவாக மாறும்.

மொழியைப் பற்றிய ஆராய்ச்சியும் இதனுள் அடங்கும். ‘வெறும் வயிற்றில்’ என்று தமிழிலும் ‘பரகடுப்புன’ என்று தெலுங்கிலும் சொல்கிறோம். காலையில் தேநீர் குடித்தவர் தம் வயிறு வெறும் வயிறுதான் என்று எண்ணக்கூடும். தைராய்டு மாத்திரை உண்பவருக்கு அந்த ஒரு குவளைத் தேநீரே மருந்தின் பயனைக் குறைத்துவிடலாம். ஆங்கிலப் பாடநூலில் இச்சிக்கல் இராது. இதனை இங்குள்ள ஆசிரியரும் மாணவரும்தான் கேட்டறிந்து எழுத வேண்டும். மருந்தால் விளையும் தீய விளைவுகளைத் தொகுப்பதற்கு 2010 முதல் நாடு தழுவிய திட்டம் ஒன்று நடைபெறுகிறது. மாணவர் ஒருவர் தம் ஊர் நோயாளிக்கு மருந்தால் உண்டான தடிப்பையோ மயக்கத்தையோ முறையாக எழுதி அத்திட்டத்துக்கு அனுப்பும்போது, அவர் கற்றதோடு நாட்டின் அறிவுக்கும் சிறிது சேர்க்கிறார்.

இப்பாதையில் தடைகள் பல. ஆசிரியரின் பதவி உயர்வு வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறதேயன்றி, அவர் கற்பித்த மாணவர் கடையில் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. செய்முறைப் பயிற்சி சில இடங்களில் கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. சான்றிதழ் ஒருவருடையது, கடையில் நிற்பவர் வேறொருவர் என்னும் நிலையும் முற்றும் ஒழிந்தபாடில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது சுவரில் மாட்டிய சான்றிதழை எண்ணியன்று. கற்ற ஒருவரின் கண்ணும் கையும் நாவும் அங்கே இருக்க வேண்டும் என்பதை எண்ணியே.

பொதுமக்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கடைக்காரர் உறையில் மாத்திரையைப் போட்டு நீட்டியவுடன் காசைக் கொடுத்து நகர்ந்துவிடுகிறோம். அவ்வாறன்றி, ‘இது எதற்கு? எப்பொழுது? எவ்வளவு? எத்தனை நாள்?’ என்னும் நான்கு வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். கற்றவர் அவ்வினாக்களை மகிழ்ந்து ஏற்பார், கல்லாதவர் தடுமாறுவார். கேட்பவர் பெருகப் பெருக, கற்றவருக்கு மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் கல்லூரிகளும் அத்திறத்தைக் கற்பிக்க முன்வரும். நல்ல மாணவர் அத்துறையை விரும்பிச் சேர்வதற்கும் அது வழியாகும்.

தொழிற்சாலையில் கிளிசரின் பீப்பாயைத் திறப்பவரும், குடிபாலாவின் சிறு கடையில் பாகு மருந்தை எடுத்துத் தருபவரும் ஒரே கல்வியின் இரு முனைகளில் நிற்கின்றனர். முதலாமவர் செய்யும் சோதனையையும், இரண்டாமவர் சொல்லும் நான்கு சொற்களையும் நம்பியே தாய் ஒருத்தி தன் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றுகிறாள். அவள் அவ்விருவரையும் அறியாள்; அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியரைச் சிறிதும் அறியாள். அறியாமலே அவள் வைக்கும் அந்நம்பிக்கைக்குத் தக்கவாறு கற்பிக்கிறோமா என்று ஒவ்வோர் ஆண்டும் தம்மைத் தாமே கேட்டு, கிடைத்த விடையைப் பிறரும் அறிய எழுதிவைப்பதே மருந்தாளுநர் கல்வியில் ஆசிரியர் ஆற்ற வேண்டிய அறிவுத் தொண்டாகும்.